தையல் கடை மாடிக் காக்காய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தையல் கடை கடலூர் முதுநகரில், துறைமுகத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. பதினைந்து வருஷமாக மாடியில் ஒரு மண்சட்டித் தண்ணீரும் ஒரு பிடி சோறும் வைத்து வருகிறேன். ரவிக்கை வாங்க வருகிறவர்களை, "கொக்கி மட்டும் பாக்கி, கொஞ்சம் உட்காருங்க" என்று உட்கார வைப்பது என் வழக்கம். அப்படி உட்கார்ந்தவர்கள் மேலே கேட்கும் சத்தத்தை வைத்துக் கேட்ட கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். ஊசியும் ஓட்ட வேண்டும், பதிலும் சொல்ல வேண்டும் என்றால் எப்படி? எழுதியே வைத்துவிட்டேன். நான் பறவையியல் படித்தவள் இல்லை. பார்த்ததையும், படித்துச் சரிபார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

காக்காவும் அண்டங்காக்காவும் ஒண்ணுதானே அக்கா?

இல்லை, இரண்டும் வேறு வேறு இனம். தெருவில் நாம் அதிகம் பார்ப்பது வீட்டுக் காகம். அதற்குக் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம், நெற்றியும் தொண்டையும் பளபளக்கிற கறுப்பு, நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. அண்டங்காக்கை அதைவிடப் பெரியது. உடம்பு முழுக்கக் கறுப்பு, தடித்த அலகு, கரகரத்த குரல்.

வீட்டுக் காகம் மனிதர்களை ஒட்டியே வாழ்கிற பறவை. ஆள் இல்லாத காட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. அண்டங்காக்கை தோப்பு, காடு, ஊர் எல்லா இடத்திலும் இருக்கும். எங்கள் மாடிக்குத் தென்னந்தோப்புப் பக்கமிருந்து இரண்டு வரும். அவை வந்தால் மற்றவை கைப்பிடிச் சுவரின் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

இதுல ஆண் எது, பொண்ணு எது?

வெளித் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. பதினைந்து வருஷத்தில் கற்றது இவ்வளவுதான்.

காக்காவுக்கு ஒரே கண்ணுதானாமே? அதுதான் அங்கிட்டும் இங்கிட்டும் உருளுதாமே?

காகாசுரன் மேல் ராமர் புல்லை ஏவிய கதையிலிருந்து வந்த நம்பிக்கை இது. கதை கதையாக இருக்கட்டும். காகத்துக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஒரு பொருளை உற்றுப் பார்க்கும்போது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறது. அடுத்த நொடி மறுபக்கம் சாய்த்து இன்னொரு கண்ணால் பார்க்கும். நமக்கு ஒரே கண் உருண்டு வந்த மாதிரி தோன்றுகிறது.

கிட்டத்தில் பார்த்தால் கண்ணின் குறுக்கே வெள்ளையாக ஏதோ ஓடி மறையும். அது மூன்றாவது இமை. தூசு படாமல் துடைத்துவிடும் மெல்லிய சவ்வு. பயப்பட ஒன்றுமில்லை.

நான் சோறு வச்சா மட்டும் வரவே மாட்டேங்குது. எங்க மாமியார், முன்னோர் கோபமா இருக்காங்கங்குறாங்க.

அமாவாசையன்று கேட்கிறீர்களா? அன்றைக்கு, அதிலும் மகாளய அமாவாசையன்று, தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் வடை பாயசத்தோடு இலை இருக்கும். காகங்களுக்குத்தான் அன்றைக்கு ஏகக் கிராக்கி. வயிறு நிறைந்த பறவை பன்னிரண்டாவது வீட்டுக்கு ஏன் வரப்போகிறது? முன்னோரை இதில் இழுக்க வேண்டாம்.

சாதாரண நாளிலும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நீங்கள்தான். வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்க்கிறீர்கள், செல்போனை நீட்டுகிறீர்கள். காகத்துக்குப் புதிய பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். பளபளக்கிற எவர்சில்வர் தட்டை மாற்றிவிட்டு, தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில் வையுங்கள். வைத்ததும் கீழே இறங்கிவிடுங்கள். எனக்கு இது பழக ஒரு மாதம் ஆனது.

என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

உப்புப் போடாத வெறும் சாதம், கொஞ்சம் வெந்த பருப்பு, மீன் கழுவும்போது வருகிற குடல், வேகவைத்த முட்டையில் ஒரு துண்டு. இவை போதும். கருவாட்டுத் தலை வேண்டாம், உப்பு அதிகம். முதுநகரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சிரிப்பாக இருக்கும், ஆனாலும் வேண்டாம். மிக்சர், அப்பளம், ஊறுகாய் கலந்த எச்சில், பூஞ்சை பிடித்த பிரெட் இவற்றையும் தவிருங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கவே வைக்காதீர்கள், கவரோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

அளவு ஒரு பிடிதான். பத்து நிமிஷத்தில் காலியாகாத சோறு, மதியம் எலிக்கும் ராத்திரி கரப்பானுக்கும் போகிறது. சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம். கத்திரி வெயில் நாட்களில் நான் சோறு வைக்க மறந்திருக்கிறேன், தண்ணீர் மாற்ற மறந்ததில்லை. அகலமான, ஆழமில்லாத மண்சட்டி, தினமும் தேய்த்துக் கழுவியது. அவ்வளவு போதும்.

தண்ணிச் சட்டியில கோழி எலும்பைக் கொண்டாந்து போடுது. இது என்ன அசிங்கம்?

அசிங்கமில்லை, சமையல். காய்ந்த ரொட்டி, எலும்பு, விறைத்த மீன் எதையும் ஊறவைத்துச் சாப்பிடத் தெரிந்த பறவை அது. எங்கள் சட்டியிலிருந்து நான் எடுத்தவை: பரோட்டாத் துண்டு, சங்கரா மீன் தலை, ஒரு முறை பாதி எலி. அதனால்தான் தினமும் கழுவச் சொன்னேன். மேல்நிலைத் தொட்டியின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்தச் சமையல் அங்கே நடந்தால் உங்களுக்குத்தான் வயிற்றுப்போக்கு.

கிணற்றடியில் வைத்த சோப்பு காணாமல் போவதும் இவற்றின் வேலைதான். சோப்பில் இருக்கிற கொழுப்பு பிடிக்கிறது. டப்பாவில் போட்டு மூடி வைப்பது தவிர வேறு வழியில்லை.

ஒண்ணு கத்தினா மத்ததெல்லாம் வருதே. நிஜமாவே கூப்பிட்டுப் பகிர்ந்து சாப்பிடுதா?

காக்கை கரைந்து உண்ணும் என்று பள்ளியில் படித்துவிட்டு வருகிற கேள்வி. பாதி சரி. சோறு நிறைய இருந்தால் கரைகிறது, கூட்டம் வருகிறது. கூட்டமாக இருந்தால் பூனை வருவதைப் பார்க்கப் பல கண்கள் கிடைக்கும், அதனால் கூப்பிட்டதற்கும் லாபம் உண்டு.

ஆனால் ஒரே ஒரு மீன் துண்டை வைத்துப் பாருங்கள். முதலில் பார்த்தது மூச்சு விடாமல் கவ்விக்கொண்டு பறக்கும், மற்றவை துரத்தும். மிச்சமானதை ஓட்டு இடுக்கில் செருகி மேலே ஒரு இலையோ குச்சியோ வைத்து மறைத்துவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

காலையில வாசல்ல கத்தினா விருந்தாளி வருவாங்களா?

சங்கப் பாட்டிலேயே விருந்து வரக் காக்கை கரைந்திருக்கிறது, எனவே நம்பிக்கைக்கு வயது அதிகம். எங்கள் வாசலில் தினமும் கத்துகிறது. தினமும் விருந்தாளி வந்தால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாம் ஒரே திசையில போகுதே, எங்க போகுது?

தூங்க. காகங்கள் ராத்திரியில் பெரிய மரங்களில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து அடையும். போகிற வழியில் கட்டடங்களின் மேல் சின்னச் சின்னக் கூட்டமாகக் கூடி, சத்தம் போட்டு, இருட்டும் நேரத்தில் மரத்துக்குள் நுழையும். கூடு வைத்திருக்கும் ஜோடி மட்டும் அந்த மாதங்களில் கூட்டருகே தங்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை கடந்தபோது இரண்டு ஊரிலும் மரங்கள் அடியோடு சாய்ந்தன. எங்கள் பக்கம் காகங்கள் அடைகிற தூங்குமூஞ்சி மரமும் போனது. அதற்கப்புறம் சில வாரங்கள் அந்த இடத்துக்கு மேலே மாலையில் வந்து வட்டமடித்துவிட்டு செல்போன் கோபுரத்தில் போய் உட்கார்ந்தன. மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மாடியில் படுத்திருந்ததால் இதைப் பார்த்தேன். இல்லாவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

காக்கா தலையில தட்டிட்டுப் போயிடுச்சு. திருநள்ளாறு போய் எள்ளு தீபம் போடணுமா?

போவது உங்கள் பக்தி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காரைக்கால் வரை போவதற்கு முன்னால் தட்டிய இடத்தில் அண்ணாந்து பாருங்கள். சித்திரை முதல் ஆனி வரை என்றால் தலைக்கு மேலே வேப்பமரத்திலோ விளக்குக் கம்பத்திலோ கூடு இருக்கும். குஞ்சு பறக்கப் பழகுகிற வாரத்தில் தாயும் தகப்பனும் யாரையும் விடாது. சனி பகவானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது பெற்றவர்களின் பதற்றம்.

பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வந்து தட்டும். குடை பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது இரண்டு வாரம் எதிர்ச் சாரியில் நடங்கள். கல்லெறிந்தால் என்ன ஆகும் என்பதை முகம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

கூடு முழுக்கக் கம்பியா இருக்கு. கலைச்சுடலாமா?

முட்டையோ குஞ்சோ இருக்கும்போது வேண்டாம். வெளிப்பக்கம் குச்சியும் கட்டுக்கம்பியும், உள்ளே நாரும் முடியும் வைத்துக் கட்டுகிறது. கட்டடம் எழும்புகிற தெருவில் குச்சியைவிடக் கம்பி சுலபமாகக் கிடைக்கிறது, அதுதான் காரணம். என் கடையின் துணிநறுக்குகளும் போயிருக்கின்றன. ஒரு வருஷம் ஒரு கூட்டில் மாம்பழக் கலர் பட்டு ரவிக்கைத் துண்டு தெரிந்தது.

மின்கம்பத்தில் இருந்தால் நீங்கள் ஏறவே கூடாது. மின்வாரியத்தில் சொல்லுங்கள். கம்பிக் கூடு இரண்டு லைனை இணைத்துவிட்டால் தெருவுக்கே மின்சாரம் போகும், பறவையும் சாகும். மரத்தில் இருந்தால் ஆடி வரை பொறுத்தால் காலியாகிவிடும்.

குஞ்சு கீழ விழுந்து கிடக்கு. நாம தொட்டா தாய் சேர்த்துக்காதாமே?

தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. பெரும்பாலான நேரம் தொட வேண்டிய அவசியமும் இல்லை. இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது. கண் நீலம் கலந்த சாம்பலாகவும், வாய்க்குள் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். நாய் பூனை இருந்தால் மட்டும் துணியால் மூடி எடுத்துப் பக்கத்துச் செடியின் கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். அரை மணி நேரத்தில் பெரியவை வந்து ஊட்டும். அதற்குள் உங்கள் தலைக்கு நாலு தட்டு விழும், அதையும் எதிர்பார்த்துப் போங்கள்.

இறகே முளைக்காத குஞ்சு என்றால், கூடு கைக்கு எட்டினால் திரும்ப வையுங்கள். ரத்தம் வந்தால் அட்டைப் பெட்டியில் காற்றோட்டமாக, இருட்டாக வைத்து கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும்.

அது காக்கா குஞ்சா, குயில் குஞ்சா? இவ்வளவு புத்திசாலி எப்படி ஏமாறுது?

ஆண் குயில் முழுக் கறுப்பு, சிவப்புக் கண். காகத்தின் கூட்டருகே வந்து கூவி அதைத் துரத்த வைக்கும். அந்தச் சந்தில், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் முட்டையிட்டுவிட்டுப் போகும். காகம் அடைகாப்பது ஏறக்குறைய 16, 17 நாள். குயில் குஞ்சு அதற்கு முன்பே பொரிந்து, முதல் ஆளாக வாயைத் திறக்கும். நம் ஊர்க் குயில் குஞ்சு வேறு சில குயில் இனங்கள்போல எல்லா முட்டையையும் தள்ளிவிடுவதில்லை, பல சமயம் காகக் குஞ்சும் கூடவே வளர்கிறது.

பறக்கத் தொடங்கியபின் அடையாளம் தெரியும். குயில் குஞ்சுக்கு வால் நீளம், இறக்கையில் வெளிறிய புள்ளிகள், சாம்பல் கழுத்து கிடையாது. ஏமாறுவதைப் பற்றிக் கேட்டால், கண் முன்னால் திறந்த வாயை மூடத் தோன்றாதது புத்திக் குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெயில்ல இறக்கையை விரிச்சு, வாயைப் பொளந்து கிடக்கு. செத்துடுச்சா?

வெயில் காய்கிறது. இறக்கையை விரித்துப் பத்து நிமிஷம் அசையாமல் கிடந்துவிட்டு எழுந்து உதறிக்கொண்டு போகும். வாயைத் திறந்து வைப்பது உடம்புச் சூட்டை வெளியேற்ற, நாய் இளைப்பதுபோல. நீங்கள் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தால்தான் அதற்கு அதிர்ச்சி.

ஒண்ணு செத்துட்டா ஊரே கூடிக் கத்துதே, அழுதா?

அழுகையா என்று தெரியாது. செத்த காகம் கிடந்தால் மற்றவை கூடி எச்சரிக்கைச் சத்தம் போடும், அருகில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும், அப்புறம் கொஞ்ச நாள் அந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்கும். எங்கே ஆபத்து, யாரால் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும் கூட்டம் என்பது ஆராய்ந்தவர்கள் சொல்வது.

செத்ததை வெறுங்கையால் எடுக்காதீர்கள். கையில் கவர் மாட்டி, எடுத்து, ஆழமாகப் புதைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரே நாளில் நாலைந்து செத்துக் கிடந்தால் அவற்றைத் தொடாமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரியிலும் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் பறவைக் காய்ச்சல் முதலில் தெரிந்தது காகங்கள் கூட்டமாகச் செத்ததில்தான். அப்படிச் செய்தி வந்தால் நான் சோற்றுத் தட்டை எடுத்துவிடுவேன், கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று.

கால்ல நரம்பு சுத்திக்கிட்டு நொண்டுது, பிடிச்சு அறுக்கலாமா?

துறைமுகத்துப் பக்கம் இது தினசரிக் கதை. கிழிந்த வலையும் தூண்டில் நரம்பும் குப்பையில் கிடக்கும், மீன் துணுக்கைத் தேடிப் போகிற காகத்தின் விரலில் சுற்றும், இறுகும், விரல் காய்ந்து உதிரும். பறக்கிற காகத்தைப் பிடிக்க முயல வேண்டாம், பிடிக்கவும் முடியாது. ஒரே கால் இருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

நாங்கள் ஒரே ஒரு முறை அறுத்திருக்கிறோம். காலில் தொங்கிய நரம்பு எங்கள் துணிக் கொடியில் மாட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண் மறையும்படி ஈரத் துண்டை மேலே போட்டு, வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, நூல் கத்தரியால் நான் வெட்டினேன். நரம்பு தோலுக்குள் புதைந்திருந்தது. கட்டை விரலில் கொத்து வாங்கினேன், டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். பிழைத்தது. விரல் மட்டும் ரவிக்கைக் கொக்கி மாதிரி மடங்கிவிட்டது. அதனால் அதற்குப் பெயர் கொக்கி. கையில் இருக்கிற நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள், அதுவே பெரிய உதவி.

நம்ம முகம் ஞாபகம் வச்சுக்குமா?

வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காகங்களைப் பிடித்து வளையம் மாட்டி விட்டார்கள். அதே முகமூடியை யார் போட்டு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து திட்டின, வருஷக் கணக்கில். பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அது அமெரிக்கக் காகம், நம் வீட்டுக் காகம் இல்லை. ஆனாலும் கல்லெறிகிற பையனைத் தெரு முழுக்க விரட்டுவதை நம் தெருவில் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

கொக்கியின் கதையில் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அறுத்துவிட்டது நான். அதன் கணக்கில் என் முகம் துண்டைப் போட்டு அமுக்கிய முகம். மூன்று வருஷமாக நான் மாடி ஏறினால் திட்டுகிறது. உடம்பைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கண்டுகொள்வதே இல்லை. அவர் அன்றைக்கு ஹெல்மெட் போட்டிருந்தார்.

குஞ்சு ஒண்ணை எடுத்து வீட்டுல வளர்க்கலாமா?

வேண்டாம். மனிதனோடு வளர்ந்த காகத்தை வெளியே விட்டால் மற்றவை சேர்ப்பதில்லை, பூனைக்கும் அது பயப்படாது. சட்டத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் காகம் எலியோடு சேர்ந்து தீங்கு செய்யும் உயிர்கள் என்ற ஐந்தாம் அட்டவணையில் இருந்தது. 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். ‘காக்காதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்ற பேச்சு இனி பழையது.

முந்தி மாதிரி காக்காவே இல்லையே, குறைஞ்சிடுச்சா?

என் மாடியை வைத்து ஊருக்குக் கணக்குச் சொல்ல மாட்டேன். ஒரு தெருவில் மீன் மார்க்கெட் இடம் மாறினாலே அங்கே காகம் பாதியாகிவிடும். உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை என்றால் எண்ணிப் பாருங்கள். 2015இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்டு செயலியில் பதிந்தால் போதும். கணுப் பொங்கலன்று காக்காப் பிடி வைக்க மாடிக்கு எப்படியும் ஏறுவீர்கள், அப்போதே எண்ணிவிடலாம்.

நீங்கல்லாம் சோறு போட்டுப் போட்டுத்தான் காக்கா பெருகி மத்த குருவியை அழிக்குது.

இதைக் கேட்டவர் எதிர்வீட்டு அண்ணன். கோபமாகக் கேட்டார், ஆனால் கேள்வி நியாயமானது. காகம் மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். நம் கடற்கரையில் தை, மாசியில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. பொரிந்து கடலுக்கு ஓடுகிற குஞ்சுகளை விடிந்தபின் காகமும் நாயும் பொறுக்கிவிடும். கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போன நம் வீட்டுக் காகம் அங்கே பெரும் தொல்லையாகி, பத்து லட்சம் காகங்களைக் கொல்லப்போவதாகக் கென்யா 2024இல் அறிவித்தது.

அதனால்தான் ஒரு பிடி என்று மேலே சொன்னேன். ஆனால் காகத்தைப் பெருக்குவது என் ஒரு பிடியைவிட மூடாமல் கிடக்கிற குப்பைத் தொட்டிதான். அண்ணனுக்கு இந்தப் பதில் முழுசாகப் பிடிக்கவில்லை. அவர் கார் மேல் எச்சம் விழுந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் நியாயம். தட்டை நான் மேற்குச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

அந்தக் கொக்கி இன்னும் வருதா அக்கா?

வருகிறது. போன வைகாசியில் ஒரு நாள் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வந்தது. கொக்கி தாயா தகப்பனா என்று கேட்காதீர்கள், இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். குஞ்சு இறக்கையை நடுக்கி வாயைத் திறக்க, சட்டியில் ஊறிய ஒரு இட்லித் துண்டை எடுத்து ஊட்டியது. நான் படிக்கட்டுக் கதவைத் திறந்ததும் ஊட்டுவதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தது. குஞ்சும் என்னை ஒரு பக்கக் கண்ணால் உற்றுப் பார்த்தது. கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.